ஐம்பத்தொரு கிலோ

தராசுத் தட்டில் உட்காரச் சொன்னதும் என் அண்ணன் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். அடுத்தது கழுத்துச் சங்கிலி. மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுக்கப் பார்த்தான். கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றுவது சகஜம் என்பதால் சட்டை போனபோது யாரும் கவனிக்கவில்லை. கை பெல்ட்டுக்குப் போனபோதுதான் குருக்கள் பதறிப்போனார். அம்மா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்பா, அது இருக்கட்டும். அதுக்கெல்லாம் எடை கெடயாது" என்றாள். அண்ணன் அவளை நம்பாமல் பார்த்தான். ஒரு பெல்ட் கொக்கி எத்தனை கிராம் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

துலாபாரம் பார்த்திருப்பீர்கள். பிள்ளை பிழைத்தால் அவன் எடைக்கு எடை சர்க்கரை தருகிறேன், அரிசி தருகிறேன் என்று வேண்டிக்கொள்வார்கள். ஒரு தட்டில் பிள்ளை, மறுதட்டில் நேர்ந்துகொண்ட பொருள். பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் உள்ள சின்னக் கோயிலில் அந்தத் தராசு மண்டபத்து உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்குகிறது. பெரும்பாலும் வீறிட்டு அழும் கைக்குழந்தைகள்தான் அதில் ஏறும். வளர்ந்த ஆம்பிளையை நிறுத்துப் பல வருஷமாயிற்று, சங்கிலி தாங்குமா என்று குருக்கள் இழுத்தார். "தாங்கும் சாமி, அவன் ஒடம்புல ஒன்னும் இல்ல" என்றாள் அம்மா. அந்த உடம்பில் ஒரு காலத்தில் என்ன இருந்தது என்று அங்கே நின்ற பாதிப் பேருக்குத் தெரியும். அதனால் யாரும் அவனை நேராகப் பார்க்கவில்லை.

என் அண்ணன் குத்துச்சண்டைக்காரன். சும்மா பேருக்கு ஆடியவன் அல்ல. ஐம்பத்தொரு கிலோ எடையில் இந்த வட்டாரத்து நாடுகளிலெல்லாம் அவனை நின்று அடிக்க ஆள் இல்லாத வருஷங்கள் இருந்தன. பகலில் மாக் மண்டினில் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை. விடிவதற்கு முன் மோட்டோ பைக்கை ஃபெரிப் படகில் ஏற்றி அக்கரைக்குப் போவான். சாயங்காலம் திரும்பியதும் டயர் கடை மாடியில் மாஸ்டரின் பயிற்சிக்கூடம். மாஸ்டர் அதிகம் பேசமாட்டார். ஆள் இல்லாதபோது என்னிடம் ஒருமுறை, "ஒங்கண்ணன் எடது கை சாமி குடுத்தது. நான் செருப்பு கழட்டிட்டுத்தான் பாக்கறேன்" என்றார். அந்த இடது கை எதிராளியின் விலா எலும்புக்குக் கீழே ஈரலில் போய் இறங்கும். பட்டவன் உடனே விழமாட்டான். ஒரு மூச்சு நேரம் ஏதோ மறந்துவிட்டதை யோசிப்பவன்போல நிற்பான், பிறகு மண்டிபோடுவான். பாங்காக்கிலும் மணிலாவிலும் அவன் ஜெயித்து வாங்கிய சாம்பியன் இடைவார்கள் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் தீபாவளி முறுக்கு டின்களுக்குப் பக்கத்தில் இருந்தன. விருந்தாளிகள் முதலில் டின்னைத்தான் திறப்பார்கள்.

ஆனால் அவனுடைய உண்மையான எதிரி வளையத்துக்குள் இருந்ததில்லை. சாதாரண நாளில் என் அண்ணன் ஐம்பத்தாறு கிலோ. சண்டைக்கு முந்தின நாள் எடை பார்ப்பார்கள். அப்போது முள் ஐம்பத்தொன்றைத் தாண்டக்கூடாது. நடுவிலிருக்கும் ஐந்து கிலோவைப் பட்டினியால் கரைக்க வேண்டும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தோம் என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது நடைமுறை. கடைசி வாரத்தில் அம்மா தாளிக்கமாட்டாள், கடுகு வெடிக்கும் வாசம்கூட அவனுக்குச் சித்திரவதை என்று. நானும் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்த் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டு வருவோம். பிறகு அம்மா அதையும் விட்டுவிட்டாள். மகன் தண்ணீர் குடிக்காத நாளில் தானும் குடிப்பதில்லை. கடைசி இரண்டு நாள் அவன் பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு உச்சிவெயிலில் மாடி நடையில் கயிறு தாண்டுவான். வியர்வையும் வற்றியபின் பாலிக் புலாவ் ஜாதிக்காய் ஊறுகாயை ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொண்டு, ஊறுகிற எச்சிலை ஒரு மைலோ டின்னில் துப்பிக்கொண்டே இருப்பான். எச்சிலுக்கும் எடை உண்டு. இன்றும் பசாரில் ஜாதிக்காய் ஊறுகாயைப் பார்த்தால் அந்தக் கடையைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். சுற்றுலாப் பயணிகள் அதைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

எந்த ஊரில் எடை பார்த்தாலும் இறங்கியவுடன் வீட்டுக்குப் போன் அடிப்பான். வெற்றிபெற்ற குரல் அல்ல அது. தொண்டை காய்ந்து, சின்னப்பிள்ளையின் குரல்போல இருக்கும். "ஆச்சும்மா. பசியாறலாமா?" என்பான். எங்கள் ஊரில் பசியாறுதல் என்றால் காலை உணவு. அவன் மாலையில் கேட்டாலும் அதே வார்த்தைதான், ஏனென்றால் அவனுக்கு அதுதான் விடிவு. அம்மா அந்த வார்த்தைக்காகவே போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். "பசியாறுய்யா, பசியாறு" என்று சொல்லிவிட்டுத்தான் தன் வாயில் தண்ணீர் ஊற்றுவாள். மறுநாள் சண்டை என்ன ஆயிற்று என்பது அவளுக்கு இரண்டாம்பட்சம்.

ஒருநாள் குளியலறையில் தொம்மென்று சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் அண்ணன் தரையில் கிடந்தான். உதடு வெடித்து, கண் செருகியிருந்தது. அடுத்த சண்டைக்காகக் குறைத்துக்கொண்டிருந்த சமயம் அது. வயது முப்பதைத் தொட்டதும் உடம்பு பழையபடி இறங்க மறுத்தது. அன்று அம்மா ஈரக் காலோடு மாஸ்டரிடம் போனாள். நானும் பின்னால் ஓடினேன். "மாஸ்டர், இனிமே எம்புள்ள பட்டினி கெடக்க மாட்டான். மேல உள்ள வெயிட்டுக்கு ஏத்துங்க."

"ஏத்தலாம்க்கா. ஒரு படி ஏத்துவோம். அம்பத்திமூணரை."

"அதுக்கும் கொறைக்கணுமா?"

"கொறைக்கணும்தான்."

"கொறைக்கவே வேணாம்னா எந்தப் படி?"

மாஸ்டர் தயங்கினார். "அம்பத்தேழு. வேணாம்க்கா. அங்க உள்ளவனுங்க எலும்பே வேற லா. இவன் அடிக்கு விழ மாட்டானுங்க."

"சோறு தின்னா எம்புள்ளைக்கும் எலும்பு வளரும்" என்றாள் அம்மா. அண்ணனைக் கேட்டார்கள். சாப்பிடலாம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று பதினைந்து வருஷமாகக் காத்திருந்தவனிடம் போய்க் கேட்டால் என்ன சொல்வான்? சண்டை ஏற்பாடு செய்கிற ஏஜெண்டும் ஐம்பத்தேழில்தான் கூட்டம் வரும் என்றார். மாஸ்டர் தனி ஆளாகிப் போனார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வருகின்றன. எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அம்மா விடிந்ததும் தோசைக்கல்லைப் போடுவாள். மத்தியானம் ஆட்டுக்கறி, சாயங்காலம் இடியப்பமும் தேங்காய்ப்பாலும். சண்டைக்கு முந்தின வாரம் வீட்டில் கடுகு வெடித்தது, மீன் பொரிந்தது, அண்ணன் அடுப்படியில் நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொண்டிருந்தான். கன்னம் உப்பியது. "மாப்பிள்ளை களை வந்துருச்சு" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்தாள். அம்மா அவனுக்குத் திருஷ்டி கழித்தாள். முதல் சண்டை, புள்ளிக் கணக்கில் ஜெயித்தான். நாங்கள் குதித்தோம். மாஸ்டர் மட்டும் பேயறைந்தவர்போல நின்றார். அந்த இடது கை பலமுறை ஈரலில் போய் இறங்கியிருந்தது. எதிராளி ஒருமுறைகூட யோசித்து நிற்கவில்லை. பட்ட இடத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான். இரண்டாவது சண்டையில் தோற்றான். கண்புருவம் கிழிந்தது, அது ஆறிவிட்டது. ஆறாதது வேறு. ஒருநாள் காலை ஃபெரியில் மோட்டோவை ஏற்றிவிட்டு இறங்குகிற இடத்தில் இறங்காமல் திரும்பவும் இக்கரைக்கே வந்து நின்றான். "ஃபெரி இன்னும் கெளம்பவே இல்லையா?" என்று போன் அடித்து என்னிடம் கேட்டான். தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொண்டோம். அம்மா இரவுச் சாப்பாட்டில் ஒரு முட்டை கூட்டினாள்.

மூன்றாவது சண்டை எங்கள் ஊரிலேயே, ஜார்ஜ்டவுனில் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். அதுவரை அம்மா எடை பார்க்கும் இடத்துக்கு வந்ததே இல்லை. அன்று தூக்குச்சட்டியில் பச்சைப்பயறுக் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். எடை பார்த்ததும் அவனுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அவன் காலையிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தான் என்பது வேறு கதை. அண்ணன் சிரித்துக்கொண்டே ஏறினான், முள் ஐம்பத்தேழுக்குக் கொஞ்சம் கீழே நின்றது, இறங்கினான். பிறகு எதிராளி வந்தான். தாய்லாந்துப் பையன். இரண்டு பேர் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. முள் ஒரு மயிரிழை தாண்டியதால் துண்டை மறைப்பாகப் பிடித்து உள்ளாடையையும் கழற்றி நிறுத்தார்கள். அம்மாவுக்கு அந்தக் கோலம் மனப்பாடம். பதினைந்து வருஷமாகத் தன் வீட்டுக் குளியலறை வாசலில் பார்த்த கோலம். "ஐயோ, யாரு பெத்த புள்ளையோ. தின்னு எத்தனை நாளாச்சோ" என்றாள். நான் கையைப் பிடிப்பதற்குள் எழுந்துபோய்விட்டாள். நாற்காலியில் சாய்ந்து கிடந்த அவனுக்குத் தூக்கு மூடியில் கஞ்சியை ஊற்றி நீட்டினாள். அவனுடைய ஆட்கள் முழித்தார்கள். அவன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான், இரண்டு கையையும் கூப்பினான், வாங்கிக் குடித்தான். மூடியை வழித்துக் குடித்தான். அம்மா மறுபடி ஊற்றினாள்.

"ம்மா, அவன் நாளைக்கு என்னை அடிக்க வந்தவன்ம்மா" என்று அண்ணன் சிரித்தான்.

"அடிக்கறவனுக்கும் வயிறு இருக்குல்ல" என்றாள் அம்மா.

அங்கே சிரிக்காதவர் மாஸ்டர் ஒருவர்தான். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவருக்கு விளங்கிவிட்டது. எங்களுக்கு விளங்கவில்லை. என் அண்ணன் அத்தனை வருஷம் ஜெயித்ததற்கு அந்தப் பட்டினிதான் காரணம். ஐம்பத்தொன்றில் எடை காட்டிவிட்டு, ஒரு இரவு முழுக்கச் சாப்பிட்டுக் குடித்து, மறுநாள் அவன் பெரிய ஆளாக ஏறினான். எதிரே நின்றவர்கள் சின்னவர்கள். இப்போது வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கிற இவன்தான் சின்னவன். பட்டினி கிடந்து வந்த அந்தப் பையன் பெரியவன். எதிராளியின் வீட்டிலும் கடுகு தாளிக்காமல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. பசி எங்களுக்கு மட்டும் நேர்ந்த கொடுமை என்று நினைத்திருந்தோம்.

மறுநாள் மாலை அந்தத் தாய்லாந்துப் பையன் வளையத்துக்குள் வந்தபோது அம்மா என் காதில், "இது யாருடி? நேத்து வந்த புள்ள எங்க?" என்றாள். அவளுடைய குழப்பத்தில் தப்பில்லை. தோள் திரண்டு, கழுத்து தடித்து, வேறு ஆளாக இருந்தான். அண்ணன் அவன் பக்கத்தில் தம்பிபோல நின்றான். சண்டையை நான் விவரிக்கப்போவதில்லை. என் அண்ணன் ஓடவில்லை, அதை மட்டும் சொல்லலாம். இடது கை போய்க்கொண்டே இருந்தது. சண்டையை நிறுத்தச் சொல்லி மாஸ்டர் துண்டை உள்ளே எறிவதற்கும் அந்தக் கடைசி அடி விழுவதற்கும் ஒரு நொடிதான் வித்தியாசம். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அந்தத் தாய்லாந்துப் பையன் முதலில் கையைத் தூக்கினான். பிறகு அம்மா பக்கம் பார்த்தான். பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டான்.

மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் இரத்தம் கட்டியிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். மருத்துவமனை நடையில் வைத்துத்தான் அம்மா துலாபாரத்துக்கு நேர்ந்துகொண்டாள். உயிரோடு வீட்டுக்கு வந்துவிட்டால் எடைக்கு எடை அரிசி போடுகிறேன், அது நாலு பேர் பசிக்கு ஆகட்டும் என்று. அங்கேயே இன்னொன்றும் பிடித்துக்கொண்டாள். "நாந்தான்டி அவனுக்குக் கஞ்சி ஊத்துனேன். என் கையால ஊத்துனேன்." அந்தக் கஞ்சி இல்லாவிட்டால் அவன் ஓட்டல் சோறு தின்றிருப்பான், மறுநாள் அதே அடிதான் விழுந்திருக்கும் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். மாஸ்டரும் வந்து சொன்னார். கேட்டால்தானே. தப்பு கஞ்சியில் இல்லை. சோறு போட்டால் பிள்ளை ஜெயித்துவிடும் என்று நம்பியதில் இருந்தது. அதை நான் அவளிடம் எப்படிச் சொல்வேன்? கஞ்சியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் வீட்டுக்கு வந்தான். நடந்தான், பேசினான், என் பெயர் சொன்னான். ஆனால் அவனுடைய புத்தி ஒரு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அது எந்த இடம் என்பது முதல்நாளே தெரிந்துவிட்டது. அம்மா சோற்றுத் தட்டை முன்னால் வைத்தாள். அவன் அதைத் தள்ளி வைத்தான். "வேணாம்மா. வெயிட் இருக்கு" என்றான். ஐம்பத்தேழு அவன் நினைவிலேயே இல்லை. தோசையும் கறியும் இடியப்பமுமாகக் கழிந்த எங்கள் சந்தோஷ மாதங்கள் முழுவதும் துடைத்து எடுத்ததுபோலப் போய்விட்டன. அவன் திரும்பவும் ஐம்பத்தொன்றுக்குக் குறைத்துக்கொண்டிருந்தான். கெஞ்சினோம், அதட்டினோம், மாஸ்டரைக் கூப்பிட்டு எடை பார்த்தாயிற்று என்று சொல்லச் சொன்னோம். "எங்க பாத்தீங்க? நான் ஏறவே இல்லையே" என்றான். அதிலெல்லாம் தெளிவு. ஊட்டினால் துப்பினான், மைலோ டின் தேடித் துப்பினான். இப்படியே போனால் குழாய் போட்டுத்தான் உணவு செலுத்த வேண்டும், அதுவும் எத்தனை நாளைக்கு என்று மருத்துவர் கையை விரித்தார்.

அம்மா நேர்த்திக்கடனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். "எலும்பும் தோலுமா கொண்டுபோயி சாமி முன்னால வெக்கறதா? கொஞ்சம் தேறட்டும்." தேறினால் அரிசி கூடப் போடலாம் என்று அறுபது கிலோவுக்கு வாங்கி வைத்திருந்தாள். அவன் தேறவில்லை. நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தான். கடைசியில், இதற்கு மேல் இறங்குவதற்கு முன் கடனைத் தீர்த்துவிடுவோம் என்றுதான் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அவள் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

பெல்ட்டை விட்டுவிட்டு அண்ணன் தட்டில் ஏறினான். உட்காரச் சொன்னதை அவன் கேட்கவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றான், மூச்சை வெளியே விட்டு வயிற்றை ஒட்ட வைத்தான். மறுதட்டில் அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தார்கள். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து கிலோவில் அவன் நின்ற தட்டு தரையை விட்டு எழுந்து, ஆடி, சமமாக நின்றது. மிஞ்சிய மூட்டைகள் தூண் ஓரத்தில் இருந்தன. மணி அடித்தது. அப்போது என் அண்ணன் சங்கிலியை விட்டுவிட்டு இரண்டு முஷ்டியையும் தலைக்கு மேலே தூக்கினான். இடப்பக்கம் திரும்பி நின்றான், வலப்பக்கம் திரும்பி நின்றான், சண்டைக்கு எடை பார்த்ததும் போட்டோ பிடிக்கிறவர்களுக்குக் காட்டுவதுபோல. எங்கோ ஒரு குழந்தை கைதட்டியது. அம்மா கண்ணைத் திறந்தாள்.

"எவ்வளவும்மா?" என்றான்.

எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. "அம்பத்தொன்னுப்பா" என்றாள். "கரெக்டா அம்பத்தொன்னு. ஆச்சு."

அவன் கை மெல்ல இறங்கியது. முகம் தளர்ந்தது. போனில் மட்டுமே கேட்ட அந்தக் குரலை நான் நேரில் கேட்டது அன்றுதான். "பசியாறலாமாம்மா?"

மடப்பள்ளியிலிருந்து பொங்கலை அம்மா வாழையிலையோடு அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் சாப்பிட்டான். குருக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள், நானும் அழுதேன், வெட்கப்படவில்லை.

நான் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். கடை வாசலில் எடை பார்க்கும் கருவி உண்டு. ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, முள்ளைத் திட்டிக்கொண்டே இறங்குவார்கள். அதுபோல ஒன்றை மறுநாளே வாங்கிக்கொண்டு போனேன். இப்போது அது எங்கள் அடுப்படி வாசலில் இருக்கிறது. தினமும் காலையில் அண்ணன் கடிகாரத்தைக் கழற்றி, சங்கிலியைக் கழற்றி அதில் ஏறுகிறான். ராத்திரி சாப்பாட்டு நேரத்திலும் ஒருமுறை. அம்மா கண்ணாடி போட்டுக்கொள்வதில்லை, குனிந்து பார்ப்பதும் இல்லை. முள் எங்கே நின்றாலும், "அம்பத்தொன்னு" என்பாள். அவன் கையைத் தூக்குவான். பசியாறலாமா என்பான். அவள் கல்லில் மாவை ஊற்றுவாள். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. புத்தி தேறாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இரண்டாவது தோசை முடியும்போது அண்ணன் தலையை நிமிர்த்தி, தினமும் தவறாமல் அந்தக் கேள்வியைக் கேட்கிறான். "ம்மா, ஃபைட் எப்போ?"

"நாளைக்குப்பா" என்கிறாள் அம்மா. "நாளைக்கு."

அவன் சரி என்று தலையாட்டிவிட்டு இன்னொரு தோசை கேட்கிறான்.